தாரதம்யம் அறியாத யந்திரம்

காப்பி போடுவதற்கென்று மேல்நாட்டார் கண்டுபிடித்து, வழவழப்பான அட்டைப்பெட்டிகளில் அடைத்து, அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளின் கைவழியாக நம் சமையலறைகளுக்கு அனுப்பிவைக்கும் யந்திரங்களின் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. அவற்றுள் இரண்டொன்று நன்றாகவே காப்பி போடுகின்றன என்பதை, என் மனைவி அருகில் இல்லாத சமயங்களில், நான் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆயினும் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கூடவே வருகிற விளக்கப் புத்தகத்தை அது அச்சாகியிருக்கும் அத்தனை பாஷைகளிலும் புரட்டிப் பார்த்தாலும் அந்தக் குறையைப் பற்றி ஒரு வரி இருக்காது. குடிக்கப் போகிறவர் யார் என்பது அந்த யந்திரங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் அவற்றுக்குக் கிடையாது. வந்தவர் சம்பந்தியானாலும் சரி, சந்தா வசூலிக்க வந்தவரானாலும் சரி, ஒரே திரவத்தை ஒரே சூட்டில் ஒரே அளவில் ஊற்றிவிட்டு, ஒரு பச்சை விளக்கையும் எரியவிட்டு, கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடுகின்றன. நாலு பேர் வந்துபோகும் வீட்டில் இது எவ்வளவு ஆபத்தான குணம் என்பதை, அவற்றைச் செய்தவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம்முடைய பில்டர் அப்படிப்பட்டதல்ல. வெளித்தோற்றத்தில் அதைவிடச் சாதுவான பாத்திரம் வேறு இருக்க முடியாது. கீழே ஒரு பாத்திரம்; அதன் தலைமேல், அடியில் பொடிக்கண்களாகத் துளையிட்ட இன்னொரு பாத்திரம்; போட்ட பொடியை அமுக்கிவைக்க நடுவில் காம்பு வைத்த ஒரு வட்டத் தகடு, அதற்குக் குடை என்று பெயர்; எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. விசை இல்லை, கம்பிச்சுருள் இல்லை, அசைகிற அங்கம் ஒன்றுகூட இல்லை. பாரிஸ் நகரத்துப் பேராயராக இருந்த டி பெல்லாய் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதும், 1800-ஐ ஒட்டிப் பிரான்ஸ் தேசத்தில் வழக்கத்துக்கு வந்ததுமான இரட்டைப் பாத்திரத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் பேதம் இல்லை: மேலே ஊற்றிய வெந்நீர் பொடியின் வழியாகச் சாவகாசமாகக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேராயரின் பாத்திரத்தில் இறங்கியது காப்பி மாத்திரம். நம் வீடுகளில் அதே தத்துவத்திலிருந்து ஒரு சமூக சாஸ்திரமே இறங்கிற்று.

பொடியின் மேல் முதல்முறை வெந்நீர் விட்டு இறங்குவது முதல் டிகாக்ஷன். கள்ளிச்சொட்டு என்று பெரியவர்கள் சிலாகிப்பது இதைத்தான். அதே பொடியின் மேல் மறுபடியும் வெந்நீர் விட்டு இறக்குவது இரண்டாம் டிகாக்ஷன். அதில் நிறம் இருக்கும், மணம் இருந்ததாக ஞாபகம் இருக்கும். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. கௌரவமான குடும்பங்களில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆனால் எல்லார் வீட்டிலும் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகவும், ஒன்றோடொன்று வெவ்வேறு விகிதத்தில் கலந்தும், பாலின் திடத்தைக் கூட்டியும் குறைத்தும், தேர்ந்த கை ஒன்று எத்தனை படித்தரங்களை உண்டாக்க முடியும் என்பதற்குக் கணக்கே இல்லை. மாப்பிள்ளைக்கு முதல் டிகாக்ஷனும் தண்ணீர் படாத பாலும். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கும் அதுவே, ஆனால் டபராவும் டம்ளரும் வெள்ளி. காலையில் வந்து, இரவு ரயிலுக்கே திரும்புவதாக உறுதி சொன்ன உறவினருக்கு முதல் டிகாக்ஷன். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு முதலோடு இரண்டாவது கலந்தது. திரும்பிப் போவதைப் பற்றிப் பேச்சே எடுக்காதவருக்கு, நாளாக நாளாக, பில்டரே தேதியைக் குறிப்பால் உணர்த்திவிடும். யாரும் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேச வேண்டியதில்லை.

இந்த நிர்ணயம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து என் மனைவி, "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்பாள். வந்தவரின் காதில் அது அன்பான விசாரணையாக விழும். நான் சொல்லும் பதிலில் பெயரைக் காட்டிலும் குரல்தான் முக்கியம். "நம்ம மாமா வந்திருக்காரு!" என்று நான் உரக்கச் சொன்னால் பால் புதிதாகக் காயும். "நம்ம சீட்டுக்காரரு..." என்று இழுத்தால், காய்ச்சி ஆறின பால் மறுபடி அடுப்பேறும். "ஒருத்தர் வந்திருக்காரு" என்று மாத்திரம் சொன்னால், கால் மணி கழித்து, "மோர் கொண்டாரட்டுங்களா, வெயிலுக்கு நல்லது" என்ற உபசாரம் வரும், அது மார்கழி மாதமாகவே இருந்தாலும்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி முதல் வாய் விட்டுக்கொண்ட மாத்திரத்தில், இந்த வீட்டில் தங்கள் ஸ்தானம் போன தடவையைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதைத் தெளிவாகக் கண்டுகொள்வார்கள். கடன் கேட்பதற்கென்றே வந்த ஒருவர், இரண்டாம் டிகாக்ஷனைக் குடித்து முடித்ததும், வந்த காரியத்தைப் பிரஸ்தாபிக்காமலே குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இத்தனை விவேகம் உள்ள பாத்திரத்துக்குக் கொஞ்சம் பிடிவாதமும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. விடியற்காலையில் அதை இணங்கவைப்பதற்குப் பொறுமையோடு ஓரளவு பௌதிக சாஸ்திரமும் வேண்டும். பொடியைப் போட்டுக் குடையால் அழுத்தும்போது, ஒரு பிடி அதிகமாக அழுத்தினால் தண்ணீர் இறங்காது; அழுத்தாமல் விட்டால் நிற்காமல் ஓடிக் கழுநீராகிவிடும். தளதளவென்று கொதித்துச் சற்றே அடங்கிய வெந்நீரை வட்டமாக ஊற்றி மூடிவிட்டால், முதலில் வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு கீழ்ப் பாத்திரத்தில் 'டொக்' என்று ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு வரவில்லையென்றால், ஒன்று கண் அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்திருக்க வேண்டும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் திணறும். காற்று போனாலொழிய டிகாக்ஷன் வராது. மேல் பாத்திரத்தை அரை விரற்கடை தூக்கி, ஒருபுறமாகச் சாய்த்தால் ஒரு பெருமூச்சுக் கேட்கும்; அடுத்த கணம் சொட்டுகள் தாரையாகிவிடும். இந்தச் சூட்சுமம் அறியாத புது மருமகள்கள் பில்டரின் தலையில் கரண்டியால் தட்டுவார்கள். தட்டத் தட்டப் பொடி இன்னும் இறுகிக்கொள்ளும். கண்ணே அடைத்துப்போனால் அதற்குச் சிகிச்சை வேறு. ஈர்க்குச்சியாலும் ஊசியாலும் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் மேல் பாத்திரத்தை வெறுமனே அடுப்புத் தீயில் காட்டுவார்கள். துளைகளில் புதைந்துகிடந்த பழம்பொடி கனன்று கருகி உதிரும். அந்தக் கருகல் நாற்றம் தெருவரை வந்தால், அந்த வீட்டில் இன்னும் ஒருவரும் காப்பி குடிக்கவில்லை, ஆகையால் எந்தக் காரியமாகவும் உள்ளே போகலாகாது என்று அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்வார்கள்.

கண் அடைப்பதற்கு ஒரு காரணம் பொடியின் நைசு. இன்னொரு காரணம் சிக்கரி. இது நீலப்பூப் பூக்கும் ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் காப்பியைவிடக் கறுப்பாகக் காப்பி வேஷம் போடும். 1806-இல் நெப்போலியன் இங்கிலாந்தின் வியாபாரத்தை ஐரோப்பாவில் நுழையவிடாமல் தடைபோட்டபோது, கொட்டை கிடைக்காத பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில்லாமல் இதை வறுத்துக் குடித்தார்கள். அவர்கள் கஷ்டகாலத்தில் கண்டுகொண்டதை நாம் நல்ல காலத்தில், ருசிக்கென்றே, காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்டோம். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைந்து அது நம்மைத் தேடி வருகிறது. காப்பி சிக்கரிக் கலவை என்று விற்கும் பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது என்பது சட்டம். எதிர்க்கட்சிக்கு 49 இடங்களை விட்டுக்கொடுத்துவிட்டும் காப்பியின் பெயரால் மந்திரிசபை அமைக்கலாம் என்று சர்க்கார் தீர்மானித்ததில் ஒரு ராஜதந்திரம் இருக்கிறது.

காப்பிப் பொடிக் கடையில் நிற்பதும் ஒரு பரீட்சைதான். "பீபெர்ரியா, பிளாண்டேஷனா?" என்று கடைக்காரர் கேட்பார். காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டைகள், ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழங்களில் துணையில்லாமல் ஒற்றைக் கொட்டை உருண்டையாக விளையும், அது பீபெர்ரி. ஒண்டிக்கட்டைக்கு ஏன் அதிக விலை என்று நான் கேட்டதில்லை. "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்பது அடுத்த கேள்வி. எனக்கு முன்னால் நின்ற மனிதர் கம்பீரமாக, "சிக்கரியே வேண்டாம்" என்பார். இந்த ஜாதி மனிதர்கள் சங்கீதக் கச்சேரியிலும் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்கள். நான் தணிந்த குரலில், "எண்பதுக்கு இருபது" என்பேன். சிக்கரி இல்லாத பொடியில் முதல் டிகாக்ஷன் தேவாமிருதமாக இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் இரண்டாவதுக்கு அதில் சத்து நிற்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரையும் முதல் டிகாக்ஷனால் உபசரிக்கும் அளவுக்கு நான் சம்பாதித்ததில்லை, அவர்களும் அதற்குத் தகுந்தவர்களாக நடந்துகொண்டதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பொடிக்கும் வீடுதான் கடை. கைப்பிடி வைத்த இரும்பு உருளையில் கொட்டையைப் போட்டு, கரியடுப்பின் மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை என் தகப்பனார் மூக்கால் முடிவு செய்வார். சுற்றுவது எங்கள் கை, மூக்கு அவருடையது. பிறகு மேஜை விளிம்பில் திருகி மாட்டியிருக்கும் கைமிஷினில் அரைக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி அதிலிருந்து யாரும் தப்பியதில்லை. பாட்டிக்கு இதெல்லாம் அடியோடு பிடிக்காது. நீராகாரம் குடித்து வைரம் பாய்ந்திருந்த குடும்பத்தை இந்தக் கறுப்புத் தண்ணீர் கெடுத்துவிட்டது என்று அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் தலைமுறையில் அப்படிச் சொன்னவர்கள் அநேகர். காப்பிக் குடியைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதியவர்களும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் இந்த விருத்தாந்தங்களைச் சுவைபட ஆராய்ந்திருக்கிறார். பாட்டி அந்தப் பிரசங்கத்தை முடித்துவிட்டு, "சரி சரி, எனக்கு ஒரு வாய் கொடு, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று டம்ளரை நீட்டுவாள். அவளுக்கு எப்போதும் முதல் டிகாக்ஷன்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. இருந்தால் பிரசங்கம் மறுபடியும் ஆரம்பமாகும்.

யந்திரங்களின் படையெடுப்பு எங்கள் குடும்பத்தில் என் பெரியப்பாவின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ரயில்வேயில் உத்தியோகமாக இருந்த அவர், 1947-இல் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை ஏலத்தில் விட்டுப்போன சாமான்களோடு பெர்க்கொலேட்டர் என்ற ஒரு கூஜாவை வாங்கிவந்தார். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தைச் சேர்ந்த ஹான்சன் குட்ரிச் 1889-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அடியில் கொதிக்கும் தண்ணீர் நடுக்குழாய் வழியாக மேலேறி, கூடையிலிருக்கும் பொடியின் மேல் பொழிந்து, கீழே இறங்கி, இறங்கியது மறுபடியும் கொதித்து மேலேறும். மேல்மூடியில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் காப்பி குபுகுபுவென்று துள்ளுவது தெரியும். பெரியப்பா அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "பார்றா, பார்றா, நிறம் ஏறுது பார்!" என்று எங்களுக்குக் காட்டுவார். நிறம் ஏறியது உண்மைதான். கூடவே வாசனை முழுவதும் கூடத்துக்கும் மாடிக்கும் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. டம்ளருக்கு மாத்திரம் வரவில்லை. என் தாயார் அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்ன அபிப்பிராயத்தை இன்றுவரை எந்த நிபுணரும் மிஞ்சவில்லை: "இதென்ன, முதல் டிகாக்ஷனையும் மூணாவது டிகாக்ஷனையும் ஒண்ணாக் கொட்டிக் கிண்டுது?"

என் மகன் வெளிநாட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒவ்வொன்று வந்தது. முதலில் வந்தது இத்தாலியர்களின் மோக்கா பாத்திரம். அல்போன்ஸோ பியாலெட்டி 1933-இல் உலகத்துக்கு அளித்த எட்டுப்பட்டை அலுமினியக் கொடை. அடியில் உள்ள தண்ணீர் ஆவியின் அழுத்தத்தால் பொடியைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி, ஒரு நடுக்குழாயின் வாயிலிருந்து உறுமிக்கொண்டு வெளிவரும். எல்லாம் கீழ்நோக்கி இறங்கிப் பழகிய எங்கள் வீட்டில் காப்பி மேல்நோக்கி ஏறியதை முதலில் யாரும் விரும்பவில்லை. என் மனைவி அது உறுமத் தொடங்கியதும் குழந்தைகளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தானும் நிலைப்படிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்ப்பாள். ஆனால் ருசி விஷயத்தில் அவள் பாரபட்சம் காட்டுகிறவள் அல்ல. குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிறிது யோசித்து, "இரண்டாவது எப்படி எடுக்கறது?" என்று கேட்டாள். எடுக்க முடியாது என்றான் மகன். அதோடு அதன் விதி நிர்ணயமாகிவிட்டது. முதல் டிகாக்ஷன் மாத்திரமே உற்பத்தியாகும் வீடு, எல்லாரும் மகாராஜாக்களாகவே இருக்கும் ராஜ்யம். அங்கே வரி கட்டுவது யார்? பிறகு இண்டக்ஷன் அடுப்பு வந்தது. அலுமினியம் என்றால் அந்த அடுப்பு கண்ணெடுத்தும் பார்க்காது என்பதால், மோக்கா பாத்திரம் பூஜை அறைக்குப் போய் எண்ணெய்க் கிண்டியாகிவிட்டது.

கண்ணாடிக் குவளையில் பொடியையும் வெந்நீரையும் போட்டுச் சல்லடையால் அமுக்கும் பிரெஞ்சுக் கருவியைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. அதற்கு ரவையாக உடைத்த பொடி வேண்டும். நம்முடைய நைசுப் பொடியைப் போட்டு மகன் முழு பலத்தோடு அமுக்கினான். சுவரில் அடித்த காவி வர்ணம் அடுத்த பொங்கல் வெள்ளைவரையில் இருந்தது. சிறு டப்பிகளுக்குள் பொடியை அடைத்து, ஒரு டப்பிக்கு ஒரு கோப்பை என்று துப்பும் யந்திரத்தை அவன் சிபாரிசு செய்தபோது, அந்த டப்பியில் இரண்டாம் தடவை வெந்நீர் விடலாமா என்ற கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாமல் அது விமானம் ஏறாமலே நின்றுவிட்டது.

இவற்றையெல்லாம் தாண்டி எங்கள் வீட்டில் சில காலம் ஆட்சி செலுத்தியது மின்சாரக் காப்பி மேக்கர். அதற்குக் காகிதக் கூம்பு வேண்டும். இந்தக் காகிதத்துக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, காப்பியின் அடியில் மண்டும் கசட்டைச் சகிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, பையனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து அதன் மேல் வைத்து வடிகட்டினார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அந்தப் பித்தளையையும் துளைகளையும் கேள்விப்பட்டதும் என் மனைவிக்கு அந்த அம்மாளின் மேல் மதிப்பு உண்டாயிற்று. "அதோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள். பையனின் நோட்டைக் கிழித்தது மாத்திரம் அவளுக்கு ஒப்பவில்லை.

நம் பொடி அந்தக் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை. நைசும் சிக்கரியும் சேர்ந்து கூம்பின் அடியில் சேறாகப் படிந்து வழியை அடைத்துக்கொள்ள, யந்திரமோ அதைப் பொருட்படுத்தாமல் மேலே வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருக்க, பொடியும் தண்ணீருமாகப் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடி, கீழே இருந்த அரிசி டிரம்மின் மூடியில் வந்து நின்றது. பில்டராக இருந்தால் அடைத்துக்கொண்டதும் தானும் நின்றுவிடும். அதனிடம் அந்த அளவு மானம் உண்டு. கொண்டுவந்த கூம்புகள் தீர்ந்தபின், பழைய எட்டு முழ வேட்டி ஒன்று அதே அளவில் வெட்டப்பட்டுச் சேவை செய்தது. மகன், தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, வெகுநேரம் பேசவில்லை.

அதனோடு ஒரு கடிகார ஸ்விட்சும் வந்திருந்தது. இரவே தண்ணீரும் பொடியும் போட்டு, ஐந்து மணிக்கு முள்ளைத் திருப்பிவைத்துவிட்டால், நாம் எழுந்திருக்கும்போது காப்பி தயாராக இருக்கும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பதை அதைச் செய்த தொழிற்சாலையில் யாரும் அறியார். அந்தக் கடிகாரம் மின்சாரத்தால் ஓடுவது; மின்வெட்டு எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் அதுவும் உறங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுந்து நடக்கும். ஐந்து மணிக் காப்பி முதல் நாள் ஒன்பதுக்கும், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின் நடுவிலும், அதற்கப்புறம் ஒருநாள், நாங்கள் அனைவரும் படுத்த பின், இருட்டில் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டும் தயாராயிற்று. தயாரான காப்பி ஆறாமலிருக்க அடியில் சுடுதட்டு வேறு. அதன் மேல் இரவெல்லாம் காய்ந்த டிகாக்ஷனைக் காலையில் மருமகள் ஊற்றிக் காட்டினாள். பஞ்சாங்கத்துக்கு அட்டை ஒட்டலாம் போலிருந்தது.

இவற்றையெல்லாம்கூட என் மனைவி சகித்துக்கொண்டாள். பிள்ளை ஆசையாக வாங்கிவந்தது. சகிக்க முடியாதது நடந்தது ஒரு முற்பகலில். பெண்ணைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி முன்னறிவிப்பில்லாமல் வந்தார். அதே நேரத்தில் மின்சார மீட்டர் கணக்கெடுக்க வந்தவரும், வெயிலுக்குக் கூடத்தில் சற்று உட்கார்ந்திருந்தார். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். உபசாரம் அறிந்த மருமகள் யந்திரத்தை முடுக்கிவிட்டு, அது ஊற்றியதை ஒரே மாதிரியான இரண்டு பீங்கான் கோப்பைகளில், ஒரே தட்டில் வைத்து எடுத்துவந்து, இருவருக்கும் ஒரே புன்னகையோடு நீட்டினாள். சம்பந்தி தம் கோப்பையைப் பார்த்தார். மீட்டர்காரரின் கோப்பையைப் பார்த்தார். இரண்டிலும் காப்பி ஒரே மட்டத்தில் ஒரே நிறத்தில் நின்றது. மீட்டர்காரர் இரண்டு வாயில் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று வாழ்த்திப் போனார். சம்பந்தி நிதானமாகக் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, உங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே காப்பி. நல்ல கொள்கை" என்றார். சமத்துவத்தை அவ்வளவு மரியாதையாகவும் அவ்வளவு கசப்பாகவும் ஒருவர் பாராட்டி நான் கேட்டதில்லை.

சாயங்காலமே பெண்ணிடமிருந்து தொலைபேசி. "அம்மா, இன்னிக்கு மாமாவுக்கு என்ன காப்பிம்மா கொடுத்தீங்க? வந்ததிலேருந்து ஒண்ணும் பேசலை, நெஞ்சு கரிக்குதுன்னு ஒருதரம் சொன்னாரு" என்றாள். என் மனைவி பதில் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, காப்பி மேக்கரைப் பரணில், பெரியப்பாவின் பெர்க்கொலேட்டருக்குப் பக்கத்தில் இடம் பண்ணி வைத்துவிட்டு இறங்கினாள். மறு வெள்ளிக்கிழமை நாங்கள் தேங்காய் பழத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்த காப்பியைப் பற்றி நான் எழுதுவதாக இல்லை. அதில் மூன்று டிகாக்ஷன்களில் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

பில்டர் தன் சிம்மாசனத்துக்குத் திரும்பிவந்ததில் எனக்கும் சந்தோஷந்தான், என்னுடைய சொந்த அந்தஸ்தைப் பற்றிய சில சந்தேகங்கள் நீங்கலாக. உத்தியோகத்திலிருந்த காலத்தில் எனக்கு இரண்டு வேளையும் முதல் டிகாக்ஷன். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பிற்பகல் காப்பியின் நிறத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. கேட்டதற்கு, "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? கொழுப்பு, பிரஷர்" என்றாள். டாக்டர் சொன்னது உப்பைப் பற்றி. அதை எடுத்துக் காட்டியதில், உப்பும் குறைந்தது. காப்பி பழைய நிறத்துக்கு வரவில்லை. பிறகு காலைக் காப்பியிலும் அந்த மாறுதல் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நான் ரயிலேறிப் போய்விடுவேன் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என்பதற்கில்லை. முதல் டிகாக்ஷனால் வசப்படுத்த வேண்டிய நிலையில் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது.

சென்ற மாதம் கொல்லைப்புறக் குழாய் ஒழுகத் தொடங்கி, எத்தனையோ தூது அனுப்பியபின் பிளம்பர் வந்து சேர்ந்தார். நான் கூடத்திலிருந்தபடி, "யாருங்க வந்திருக்கறது?" என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை, அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். "வாங்க தம்பி, முதல்ல காப்பி சாப்பிட்டுட்டு அப்புறம் குழாயைப் பாருங்க" என்றாள். புதுப்பால் காய்ந்தது. அடுக்கிலிருந்து பித்தளை டபரா இறங்கியது. ஒரு முழ உயரத்துக்கு ஆற்றி, நுரை விளிம்பைத் தாண்டி நிற்க அவர் கையில் கொடுத்தாள். அந்த மணத்தை நான் அறிவேன். அதோடு எனக்குப் பூர்வ பரிச்சயம் உண்டு. பிளம்பர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபின், "சார் சாப்பிடலீங்களா?" என்று கேட்டார்.

"அவருக்கு இப்பத்தான் தண்ணி ஊத்தியிருக்கு, இறங்கிக்கிட்டே இருக்கு" என்றாள் என் மனைவி.

வெறும் வாஷர் மாற்றுகிற வேலை. அன்றைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து, வாஷரில் கோளாறு இல்லை, திருகைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு மறுநாள் திருகைப் பார்த்தார். பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லியிருக்கிறது. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அவர் தவறாமல் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.